பச்சரிசி தின்னும் மகளைப் பற்றி, சோழவந்தான் தோழிக்கு

மேலூர்,
நவம்பர் 25

அன்புள்ள சோழவந்தான்காரிக்கு,

திருப்பூரில் மகள் வீட்டிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. போனை எடுத்தால் சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் எழுதுகிறேன் என்று ஆரம்பித்திருந்தாய். அந்த அம்மா புண்ணியத்தில் எனக்கு நாலு பக்கம் கடிதம் வந்தது. ஹாஸ்டலை விட்ட பிறகு நீ இவ்வளவு நீளமாக எழுதியதே இல்லை.

இங்கே எல்லோரும் சௌக்கியம். எனக்கு முழங்கால் மட்டும் மழை வந்தால் பேச ஆரம்பித்துவிடுகிறது. பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்ததால் பொங்கல் கரும்பு ஆளுயரம் தாண்டி நிற்கிறது. நான் ரிட்டயர் ஆனதை ஊர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடிவதற்குள் “நர்சம்மா” என்று வாசலில் வந்து நிற்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பமாக இருக்கும் மகளுக்கு எது ஆகும், எது ஆகாது என்று ஒரு பக்கம் முழுக்கப் பட்டியல் போட்டிருக்கிறாய். அதன் நடுவில், “ராத்திரியில் பச்சரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள், எலி பிறக்கப் போகிறது என்று எல்லோரும் கேலி செய்கிறோம்” என்று ஒரு வரி. பப்பாளி, அன்னாசியை விட எனக்கு அந்த ஒரு வரிதான் கவலை. பச்சரிசி, சாம்பல், மண், சாக்பீஸ் என்று கை போனால் முதலில் ரத்தத்தைப் பார்க்க வேண்டும். இரும்புச் சத்து குறைந்த கர்ப்பிணிகளுக்குத்தான் இந்த ஆசை அதிகம் வரும். மூன்றாம் மாதத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 10.2 என்று நீயே எழுதியிருக்கிறாய். கர்ப்பிணிக்கு 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகைதான். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லையா? இந்த வாரமே பார்க்கச் சொல்.

வயிறு வளர வளர உடம்பில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கிட்டத்தட்ட பாதி அளவுக்குக் கூடும். சிவப்பணு அந்த வேகத்தில் கூடாது, தண்ணீர் ஊற்றி நீட்டிய குழம்பு மாதிரி ஆகிவிடும். ஆரம்பத்திலேயே கொஞ்சம் குறைவாக இருந்தவளுக்கு ஆறாம் ஏழாம் மாதத்தில் இன்னும் இறங்கும். பிரசவத்தில் ரத்தப்போக்கு எல்லோருக்கும் உண்டு. கையிருப்பு உள்ளவள் தாங்கிக்கொள்வாள், இல்லாதவளுக்கு அதுவே ஆபத்து. நான் வேலையில் இருந்த காலம் முழுக்கப் பயந்தது இதற்குத்தான்.

மாத்திரை சாப்பிடுகிறாள் என்கிறாய். எப்படிச் சாப்பிடுகிறாள் என்று பக்கத்தில் இருந்து பார். காலை டிபனுக்குப் பிறகு காபியோடு இரும்பு மாத்திரை, அதோடு சேர்த்தே கால்சியம் மாத்திரையும் போட்டுக்கொண்டால் இரும்பில் பாதி வீண். காபி, டீ, பால், கால்சியம் நான்குமே அதை உடம்பில் சேரவிடாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாறோ, ஒரு கொய்யாத் துண்டோ, நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து நிறுத்திய பெண்கள் எத்தனையோ பேர். அது மாத்திரையின் நிறம், அவ்வளவுதான். மலச்சிக்கலுக்குத் தண்ணீரும் கீரையும் கூட்டு. வயிற்றைப் புரட்டினால் ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் போடட்டும். ரத்தம் ரொம்ப இறங்கியிருந்தால் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார், இல்லையென்றால் டிரிப்பில் இரும்புச் சத்து ஏற்றுவார்கள். நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அது உண்டு. பூச்சி மாத்திரை கொடுத்தார்களா என்றும் கேட்டுப் பார்.

முருங்கைக்கீரை, கேழ்வரகு, பேரீச்சை எல்லாம் கொடு. நம் பக்கத்து வழக்கப்படி சுவரொட்டியும், அதாவது ஆட்டு மண்ணீரலும் கொடுக்கலாம், நன்றாக வேகவைத்து. ஆனால் இறங்கிய ரத்தத்தைச் சாப்பாடு மட்டும் ஏற்றிவிடாது, மாத்திரை கூடவே வேண்டும்.

உன் பட்டியலுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாய். பால் வடியும் பப்பாளிக்காய் வேண்டாம், நன்றாகப் பழுத்ததில் பயமில்லை. அன்னாசி இரண்டு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது, அந்தக் காசுக்கு முட்டை வாங்கு. வாந்திக்கு வெற்றிலை போடச் சொல்கிறார் சம்பந்தி என்கிறாய். சோழவந்தான்காரியிடம் வெற்றிலையைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் பாக்கும் புகையிலையும் அந்தப் பக்கமே வரக்கூடாது.

அப்புறம், சித்திரையில் பிள்ளை பிறந்துவிடுமோ என்று அந்த வீட்டில் முகம் வாடியிருக்கிறதே, அது கணக்குத் தப்பு. கடைசி மாதவிலக்கு ஆரம்பித்தது ஜூன் 10 என்றாய். அதிலிருந்து பத்து மாதத்தைக் காலண்டரில் எண்ணி ஏப்ரலுக்குப் போய்விட்டார்கள். கணக்கு 280 நாள். ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் மார்ச் 17, பங்குனி முதல் வாரம். சரியாக அந்தத் தேதியில் பிறக்கும் பிள்ளைகள் ரொம்பக் கொஞ்சம், இரண்டு வாரம் முன்னே பின்னே ஆகலாம். ஆடிக்கு முன்பே தரித்த பிள்ளைக்கு எதற்குச் சித்திரைக் கவலை? சித்திரையில் பிறந்து நன்றாக இருக்கிறவர்களை நான் வரிசையாகக் காட்டுவேன், அது வேறு பேச்சு.

இன்றைக்கு அவளுக்கு 24 வாரம் முடிகிறது. சர்க்கரைப் பரிசோதனைக்கு இதுதான் நேரம். முதலில் பார்த்தபோது சரியாக இருந்தாலும், 24-லிருந்து 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். 75 கிராம் குளூக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கச் சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகால சர்க்கரை. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் செய்யும் முறைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை, சென்னை டாக்டர் சேஷையா முன்னின்று கொண்டுவந்த முறை அது. உன் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருப்பதால் இதைத் தள்ளிப் போடாதே.

போகும்போதெல்லாம் பிரஷர் பார்த்து அட்டையில் எழுதச் சொல். சாயங்காலம் பாதம் வீங்குவது சகஜம். முகமும் கை விரலும் வீங்கி, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி என்று வந்தால் சுக்குக் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காரக்கூடாது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. 140/90 தாண்டினால் அவள் “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னாலும் கேட்காதே. ரத்தம் பட்டாலும், பனிக்குடத்து நீர் கசிந்தாலும் அப்படித்தான். பிள்ளை துடிப்பது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். ஏழாம் மாதத்துக்கு மேல் அந்தத் துடிப்புக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். அது குறைந்ததாகத் தோன்றினால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108-க்குக் கூப்பிடு.

பிரசவத்துக்கு இங்கே கூட்டி வருவதில் எனக்கு மறுப்பில்லை. திருப்பூரில் கர்ப்பத்தைப் பதிந்தபோது கொடுத்த பிக்மி எண் இங்கேயும் செல்லும், புதிதாகப் பதிய வேண்டாம். பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்பார்கள். முத்துலட்சுமி ரெட்டி உதவித்திட்டத்தில் பதிந்திருக்கிறாளா? பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய், விடாதே. ரத்தம் 11-க்கு மேல் ஏறிவிட்டால் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியே போதும். ஏறாவிட்டால் நேரே மதுரை பெரியாஸ்பத்திரியில் காட்டிவிடுவோம். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தாலும் அங்கேயே வசதி உண்டு.

பிள்ளை பிறந்ததும் உங்கள் வீட்டுப் பெரியவர் சேனை வைக்க வருவார், தெரியும். சீனித் தண்ணீர் நாக்கில் படக்கூடாது, முதல் ஒரு மணிக்குள் சீம்பால். பெரியவர் வருத்தப்பட்டால் என் பேரைச் சொல்லிவிடு. திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான்.

வளைகாப்பு மார்கழியில் வைக்க மாட்டீர்கள், தையில்தான் இருக்கும். புளியோதரை என் பொறுப்பு, மற்ற சாதங்களை நீ பார்த்துக்கொள். பரிசோதனை முடிவு வந்ததும் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே. மொட்டை மாடிக்குப் போய் போன் பண்ணு, ஹீமோகுளோபின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று இரண்டையும் சொல்.

உன்,
மேலூர்க்காரி