மாத்திரை கொடுக்க வரும்போது ஒரு கேள்வியும் கேளுங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்துக்காரன். அறந்தாங்கிப் பக்கம் ஒரு கிராமம். பிழைப்பு சென்னையில், அம்மா மட்டும் ஊரில். அம்மாவுக்கு வயது 71, அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. இதையெல்லாம் வெளியில் எழுதலாமா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எம் பேரப் போடாம எழுதிக்க" என்றார்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, இது நாலு மாதத்தில் நின்றுபோகும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். நிற்கவில்லை. 2024-ல் ஐ.நா. விருதும் வாங்கியது. பிரஷர், சுகர் இரண்டும் உள்ள அம்மாவுக்கு மாத்திரை வாங்க பஸ் ஏறி, வரிசையில் நின்று, மயங்கி உட்காரும் வேலை இல்லாமல் போனது. பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர், மகளிர் குழுவிலிருந்து தேர்வான தன்னார்வலர், மாதம் தவறாமல் வீட்டுக்கே வருகிறார். இந்தத் திட்டத்தைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அதை இன்னும் ஒரு படி நகர்த்த முடியும் என்பதால் எழுதுகிறேன்.

அந்தப் பெண் வரும் காட்சியை நானே திண்ணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அம்மாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்ப்பார், விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார், நோட்டில் எழுதுவார், அட்டையை எண்ணி அம்மா மடியில் வைப்பார். "பெரியம்மா, காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கால்ல புண்ணு கிண்ணு ஏதும் இருக்கா?" "இல்ல தாயி." "சரி பெரியம்மா, வர்றேன்." ஐந்து நிமிடம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அன்றைக்கு இன்னும் எத்தனையோ வீடு அவருக்குப் பாக்கி.

அப்பா போன ஆறாவது மாதத்திலிருந்து அம்மா ஆளே மாறிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியவில்லை. வாசலில் கோலம் நின்றது. கோழிகளை வந்த விலைக்கு விற்றார். பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம் ஆனதிலிருந்து ஆவுடையார்கோயிலுக்கு வாரம் ஒரு தடவை போய்க்கொண்டிருந்தவர், கால் வலிக்குது என்று நிறுத்திக்கொண்டார். போனில் நான் என்ன கேட்டாலும் "ம்" என்பார். வயசாகிறது, அப்பா நினைப்பு, கொஞ்ச நாளில் சரியாகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சர்க்கரை அளவு ஏறிக்கொண்டே போனது. ஏறுகிறதே என்று மாத்திரையைக் கூட்டினார்கள். அப்போதும் இறங்கவில்லை. அந்தப் பொங்கலுக்குப் போனவன் பச்சரிசி எடுக்கப் பானைக்குள் கையை விட்டேன். அட்டை அட்டையாக மாத்திரை தட்டுப்பட்டது, ஏழெட்டு அட்டை, ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. வீடு தேடி வந்த மாத்திரை அத்தனையும் அரிசிக்குள் கிடந்தது. "ஏம்மா போடல?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அம்மா என்னைப் பார்க்கக்கூட இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "போட்டு என்னத்தக் காணப் போறேன்."

அன்றைக்கும் எனக்கு உறைக்கவில்லை. நெஞ்சு படபடப்பு, வயிற்றில் எரிச்சல், தூக்கமில்லை என்று அம்மா சொன்னதை மட்டும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டாக்டராக அலைந்தேன். இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்து எல்லாம் நார்மல் என்றார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில், அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே, "வயசானா இப்படித்தான் சார்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தூக்க மாத்திரை எழுதினார்கள். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி கொல்லைக்குப் போன அம்மா தடுமாறி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரை கொடுத்தால் விழுவார்கள் என்பது மருத்துவம் படித்த எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவதைப் பார்த்து, மறதி நோய் வந்துவிட்டது, இனி அவ்வளவுதான் என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பே சொல்லிவிட்டார்கள்.

கடைசியில் கண்டுபிடித்தது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்த ஒரு இளம் மருத்துவர். கட்டுப் பிரித்த கையைக் காட்டப் போன இடத்தில், என்னைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அம்மாவிடம் பேசினார். எதிலும் பிடிப்பு இல்லாமல் இருக்கா, மனசு விட்டுப்போன மாதிரி இருக்கா என்று கேட்டாராம். அம்மா அரைமணி நேரம் அழுதார். ஒன்றரை வருடமாக யாரும் கேட்காத கேள்வி. தாலுகா மருத்துவமனைக்கு வாரத்தில் ஒருநாள் மனநல மருத்துவர் வருகிறார் என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும்.

அந்த மனநல மருத்துவர் தைராய்டு, பி12, உப்புச் சத்து எல்லாம் பார்த்துவிட்டு, குறைந்த அளவில் மருந்து தொடங்கினார். இந்த மருந்து வேலை செய்ய நாலைந்து வாரம் ஆகும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள், வயதானவர்களுக்கு ரத்தத்தில் சோடியம் குறைய வாய்ப்புண்டு, அதனால் திரும்பப் பரிசோதிக்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். மறதி எல்லாமே மறதி நோய் இல்லை, மனச்சோர்விலும் நினைவு இப்படி மங்கும், பல பேருக்கு சிகிச்சையில் தெளியும் என்றும் சொன்னார். ஆறாவது வாரம் ஒருநாள் காலையில் அம்மாவே எனக்கு போன் செய்தார். "அங்க சின்ன வெங்காயம் கிலோ என்ன வெல?" அவ்வளவுதான் கேட்டார். ஆபீஸ் படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுதேன்.

இப்போது உங்கள் துறைக்கு வருகிறேன். நோய் தொடங்கி அந்த இளம் மருத்துவர் கேட்கும் வரைக்கும் மாத்திரையோடு உங்கள் திட்டம் மாதாமாதம் எங்கள் திண்ணைக்கு வந்தது. அம்மாவின் ரத்தத்தை அளந்தது. மனசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மாத்திரை அரிசிப் பானைக்குப் போயிருக்காது, சர்க்கரை ஏறியிருக்காது, எலும்பு உடைந்திருக்காது. மனச்சோர்வில் இருப்பவர் தன் உடம்புக்கு மருந்து போடமாட்டார். அதனால் இதை யாரோ வேறு பிரிவு பார்த்துக்கொள்ளும் வேலை என்று ஒதுக்கிவிடாதீர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டுக்குள் வந்ததா என்று நீங்கள் பார்க்கும் கணக்கே இதில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு நோய் வரும் அபாயம் இருக்கிறதா என்று பார்க்க நாடு முழுக்கப் பயன்படுத்தும் சிபிஏசி என்ற படிவத்திலேயே அந்த இரண்டு கேள்வி இருக்கிறது: கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்தீர்களா, மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்து இருந்தீர்களா. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், கூட்டல் அதிகமானால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். தேடிப் படித்தபோது எனக்கு ஆத்திரமே வந்தது. தாளில் இருக்கும் கேள்வி எங்கள் திண்ணைக்கு வரவில்லை.

நாடு முழுக்க இந்த நிலைமைதான் என்பதற்கு அரசின் கணக்கே இருக்கிறது. 2017-18-ல் எடுத்த முதுமை பற்றிய தேசிய ஆய்வில், லாசி என்பார்கள், 60 வயதைத் தாண்டியவர்களில் 8.3 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வுக்கான அறிகுறிகள் இருந்தன. தனக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொன்னதாகத் தெரிவித்தவர்கள் 0.8 சதவீதம்தான். அதாவது பத்து பேரில் ஒருவருக்குத்தான் தன் நோயின் பெயர் தெரிந்திருக்கிறது. மற்றவர்கள் என் அம்மா மாதிரி எக்கோவும் எண்டோஸ்கோபியும் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அல்லது எதுவும் எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

நான் கேட்பது இதுதான். தன்னார்வலர் மாத்திரை கொண்டுவரும்போது, 60 வயதைத் தாண்டியவர்களிடம், குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த இரண்டு கேள்வியையும் கேட்க வையுங்கள். உட்கார்ந்து கேட்க வேண்டும், வீட்டு ஆட்கள் தள்ளி இருக்கும்போது கேட்க வேண்டும். மகன் பக்கத்தில் நின்றால் எந்தத் தாயும் வாய் திறக்கமாட்டாள். அப்பாக்கள் இன்னும் மோசம், அவர்கள் கோபம்தான் படுவார்கள். அப்புறம், வீட்டில் மிச்சம் இருக்கும் அட்டைகளை ஒருமுறை கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வியின் தமிழையும் மாற்ற வேண்டும். "மனச்சோர்வு இருக்கிறதா" என்று கேட்டால் எங்கள் ஊரில் யாருக்கும் புரியாது, "மனநலம்" என்றாலோ பைத்தியமா என்று கேட்பார்கள். "எதுவும் பிடிக்காமப் போச்சா", "மனசு வெறிச்சுன்னு இருக்கா", "ராத்திரி முழிச்சு முழிச்சுக் கெடக்கீங்களா" என்று கேட்டால்தான் பதில் வரும். கொங்குப் பக்கம் வேறு மாதிரி சொல்வார்கள், நெல்லையில் வேறு மாதிரி. அந்தந்த ஊர்த் தன்னார்வலர்களையே உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள். "நான் போய்ச் சேர்ந்துட்டாத் தேவல" என்று ஒருவர் சொன்னால், கிழவி புலம்புகிறாள் என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் பயிற்சியில் அழுத்திச் சொல்லுங்கள்.

டாக்டருக்குப் படிக்காதவர்களால் இதைச் செய்ய முடியுமா என்று கேட்பீர்கள். முடியும் என்று கோவாவில் காட்டியிருக்கிறார்கள். அங்கே சங்கத் அமைப்பின் ஆராய்ச்சியாளர்கள் சாதாரண ஊர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வு வரும் விளிம்பில் இருந்த 60 வயதைத் தாண்டியவர்களிடம் அனுப்பினார்கள். அவர்கள் செய்தது பெரிய வித்தை எதுவும் இல்லை. அன்றாடப் பிரச்சினை ஒன்றை எடுத்து அதற்கு வழி யோசிக்க வைப்பது, தூக்கத்தைச் சரிசெய்யச் சொல்லிக்கொடுப்பது, சர்க்கரை போன்ற நோயைக் கவனிக்க உதவுவது, அரசு உதவி எங்கே கிடைக்கும் என்று காட்டுவது. 181 பேரில் பாதிக்கு இதையும், மீதிக்கு வழக்கமான கவனிப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு வருடத்தில் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வந்தது, பயிற்சி பெற்றவர்கள் போய்ப் பார்த்தவர்களில் 4.4 சதவீதம்தான். 2019-ல் வெளியான முடிவு இது. கோவாவில் ஆட்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்களிடம் ஏற்கனவே வீட்டு வாசல் வரை போய்க்கொண்டிருக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

ஆனால் இதையும் சும்மா அவர்கள் தலையில் கட்டிவிடாதீர்கள். இருக்கிற வீடுகளையே ஓடி ஓடித்தான் முடிக்கிறார்கள், கையில் வரும் ஊக்கத்தொகை அந்த ஓட்டத்துக்குக் கட்டுப்படியாகாது. வீடுகளைக் குறையுங்கள், தொகையைக் கூட்டுங்கள், நாள் முழுக்க மற்றவர் அழுகையைக் கேட்டுவிட்டு வரும் பெண்ணுக்குப் பேச ஒரு ஆள் கொடுங்கள். கேட்டபின் அனுப்ப இடமும் வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தை 1996-ல் தொடங்கியபோதே எங்கள் பக்கத்து மாவட்டமான திருச்சி நாட்டிலேயே முதல் நான்கு மாவட்டங்களில் ஒன்று. இத்தனை வருட அனுபவம் இருந்தும், மனநல மருத்துவர் எந்தக் கிழமை எந்த ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்பது ஊர்க்காரனுக்குத் தெரியவில்லை. மாத்திரைக் கவரின் மேலேயே அந்தக் கிழமையை அச்சடித்துக் கொடுங்கள், பைசா செலவில்லை.

தொலைபேசி உதவி இருக்கிறதே என்பீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, முதியோருக்கு 14567, இரண்டும் நல்ல சேவைதான். இதைப் படிக்கும் மகன்களும் மகள்களும் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், நீங்களே கூப்பிட்டு யோசனை கேட்கலாம். ஆனால் பட்டன் போனில் பச்சையை மட்டும் அழுத்தத் தெரிந்த, ஒரு காது மந்தமான அம்மா, முன்பின் தெரியாத ஆளைக் கூப்பிட்டு மனசு சரியில்லை என்று சொல்லமாட்டார். தாயி என்று கூப்பிடும் ஆளிடம்தான் சொல்வார்.

இன்னொன்று, இது உங்கள் துறை இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் வயதானவர்களுக்கு ரேஷன் வீட்டுக்கே வருகிறது. நடக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் அம்மா வயதில் நடமாடும் பலருக்கு ரேஷன் கடை வரிசைதான் மாதத்தில் நாலு பேரோடு பேசும் ஒரே இடம். நகரங்களில் முதியோர் பகலில் கூடியிருக்க அன்புச்சோலை மையங்கள் வந்திருக்கின்றன. கிராமத்தில் கட்டடம்கூட வேண்டாம், நூலகத் திண்ணையோ சமுதாயக் கூடமோ போதும். வாரம் இரண்டு மாலை, ஒரு டீ, தன்னார்வலர் அங்கேயே பிரஷர் பார்க்கட்டும். வராதவர் யார் என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

அம்மா முழுக்கச் சரியாகிவிட்டார் என்று சொல்லமாட்டேன். அப்பாவின் திதி வரும் மாதம் கொஞ்சம் சுருண்டுதான் போகிறார். மருந்து தொடர்கிறது, கோலம் திரும்பிவிட்டது, கோழி மூன்று வாங்கியிருக்கிறார். பயிற்சிக்கு, கேள்விகளைக் கேட்டுப் பார்க்க உங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் தான் தயார் என்று அம்மாவே சொன்னார். "வர்றவுகள காலைல வரச் சொல்லு. சாயங்காலம் நான் கோயிலுக்குப் போயிருவேன்" என்கிறார்.

இப்படிக்கு,
அறந்தாங்கிப் பக்கத்து மகன் ஒருவன்