செயலாளர் ஆண்டறிக்கை: வான்படம் வழி மரக்கவிகைக் கணக்கெடுப்பு

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். நாற்று வினியோகம் வழக்கம்போல் நடந்தது. இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி, காரிமங்கலம் வட்டாரத்தில் உறுப்பினர் நிலங்களின் மரக்கவிகையை, அதாவது மரத்தலைகள் நிலத்தை மூடும் பரப்பை, மேலிருந்து எடுத்த வான்படம் பார்த்துக் கணக்கெடுப்பதில் சென்றது. அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

சர்வே எண் வாரியாக எல்லையைப் படத்தில் ஏற்றியதும், கணினி அதற்குள் குலுக்கல் முறையில் புள்ளிகளைத் தூவும். ஒவ்வொன்றும் மரத்தின் மேல் விழுந்ததா, வெற்றிடத்தில் விழுந்ததா என்று கண்ணால் பார்த்துக் குறிக்கிறோம். 200 புள்ளியில் 36 மரத்தில் விழுந்தால் கவிகை 18 சதவீதம். ஆனால் அதன் திட்டப்பிழை, அதாவது குலுக்கலால் வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு, 2.7 சதவீதம். இரு பக்கமும் அதில் இரு மடங்கு இடம் விட வேண்டும். அதாவது உண்மை அளவு சுமார் 13 முதல் 23 சதவீதம் வரை இருக்கலாம். பிழையைப் பாதியாக்க 800 புள்ளி தேவை. ஆகவே 200 புள்ளியை நம்பி, 'போன வருசத்தைவிட 2 சதவீதம் கூடிவிட்டது' என்று யாரும் கூட்டத்தில் பேச வேண்டாம்.

அதிகம் ஏமாற்றுவது நிழல். டிசம்பர் மாதக் காலைப் படத்தில் 10 மீட்டர் மரத்தின் நிழல் வடமேற்கே ஏறக்குறைய 9 மீட்டர் நீளும். கருத்த அந்தத் திட்டையும் மரமென்று குறித்தால் கவிகை வீணாக ஏறிவிடும். நிழலில் விழுந்த புள்ளியை வேறு மாதப் படத்தில் பார்த்த பிறகே குறிக்க வேண்டும். மழை முடிந்த கையோடு எடுத்த படத்தில் வரப்புப் புல்லும் உண்ணிச்செடியும் மரத்தோடு கலந்து பச்சையாகத் தெரியும். மார்ச்சில் புல் காய்ந்துவிடும், ஆனால் இலையுதிர்க்கும் மரங்களும் மொட்டையாக நிற்கும். இரண்டு படமும் கையில் இல்லாமல் உட்காரவே கூடாது. ஏரிக்குள் ஏப்ரலிலும் பச்சையாக இருப்பது பெரும்பாலும் சீமைக்கருவேலம்தான்.

மாந்தோப்பைத் தனியே எழுதுவது அவசியம். 10 மீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 100 மரம். தலை 8 மீட்டர் அகலம் என்றால் ஒரு மரம் 50 சதுர மீட்டர் மூடும், மொத்தம் 50 சதவீதம். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் வரையறைப்படி, ஒரு எக்டேருக்குக் குறையாத பரப்பில் கவிகை 10 சதவீதத்தைத் தொட்டாலே அது வனப்பரப்பு; 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி. பட்டா யாருடையது, என்ன மரம் என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. நம் பதிவேட்டில் தோப்பு, வரப்பு மரம், தானாக முளைத்தது என்று மூன்று பத்தி இருப்பது இதற்காகத்தான்.

வரும் ஆண்டு ஒரே 50 புள்ளிகளை இருவர் தனித்தனியே படிப்பார்கள். ஐந்துக்கு மேல் வேறுபட்டால் வேலையை நிறுத்திவிட்டு, படத்தோடு வயலுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எல்லை சில மீட்டர் நகர்ந்தாலும் வரப்பு மரம் பக்கத்து நிலத்தின் கணக்கில் போய்விடும். உறுப்பினர்கள் எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்) நகலில் கிணற்றையும் கல் நட்ட மூலைகளையும் குறித்து, தை மாதத்துக்குள் சங்க அலுவலகத்தில் கொடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.