வால்வைத் திறக்கும் முன்

அன்புள்ள கயல்,

மஸ்கட்டில் நீ பார்க்கும் கட்டடத்தில் ஆர்-22 என்ற, ஓசோனைக் கெடுக்கும் குளிரூட்டும் கேஸ் உள்ள 40 பழைய ஏசிகளைக் கழற்றப்போகிறார்கள், உள்ளே இருக்கும் அந்த கேஸை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். கடைசி வரியில், நாடுகள் கூடிக்கூடிப் பேசி ஒப்பந்தம் போடுவதால் என்னதான் நடக்கிறது என்றும் அலுத்துக்கொண்டாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான், கண்ணு.

பேச்சோடு முடிந்த மாநாடுகள் நிறைய உண்டு. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் கேஸ்களை ஒழிக்க 1987 செப்டம்பர் 16-ல் கையெழுத்தான மாண்ட்ரீல் ஒப்பந்தம் அந்த ரகம் இல்லை. 2009-க்குள் உலகின் எல்லா நாடுகளும் அதில் சேர்ந்துவிட்டன. வெறும் நல்லெண்ணத்தால் சேரவில்லை. சேராத நாட்டோடு இந்த கேஸ்களை வாங்கவோ விற்கவோ உறுப்பு நாடுகளுக்குத் தடை. வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசமும் கொடுத்தார்கள். 1990-ல் லண்டனில் ஒரு நிதியும் அமைத்தார்கள்: பணக்கார நாடுகள் பணம் போட வேண்டும், அதைப் பங்கிடும் குழுவில் 14 இடங்களில் ஏழு அவர்களுக்கு, ஏழு நம்மைப் போன்றவர்களுக்கு. பணம் போட்டவன் சொல்வதே தீர்ப்பு என்று வைத்திருந்தால் இந்தியாவும் சீனாவும் உள்ளே வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஏமாற்றவும் செய்தார்கள். ஓசோனைக் கெடுப்பதால் தடை செய்யப்பட்ட சிஎஃப்சி-11 என்ற கேஸ் காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை என்று 2018-ல் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டே கொரியாவின் ஜேஜு தீவிலும் ஜப்பானின் ஹதெருமா தீவிலும் எடுத்த காற்று அளவுகளை வைத்து, கூடுதலாக வெளியான கேஸில் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று காட்டினார்கள். அதன் பிறகு அளவு இறங்கியது.

பழையவற்றுக்கு மாற்றாக வந்த, ஓசோனைக் கெடுக்காத எச்எஃப்சி கேஸ்களும் பூமியைச் சூடாக்குகின்றன என்பதால் 2016-ல் கிகாலியில் ஒரு திருத்தம் வந்தது. இந்தியாவும் ஓமனும் அதில் ஒரே பிரிவு: 2028-ல் இந்த கேஸ்களின் பயன்பாட்டு அளவு அதற்கு மேல் கூடாமல் உறையும், 2032-ல் 10 சதவீதம் குறைய வேண்டும், 2047-ல் 85 சதவீதம்.

இவ்வளவு கெட்டியான ஒப்பந்தத்திலும் ஒரு இடைவெளி உண்டு. அது பார்க்கும் கணக்கு, உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி ஏற்றுமதியைக் கழிப்பது. ஏற்கெனவே ஏசிக்குள் அடைபட்ட கேஸ் அந்தக் கணக்கில் இல்லை. ஒருவர் வால்வைத் திறந்து அதைக் காற்றில் விட்டால், அந்த ஒப்பந்தக் கணக்கில் அது ஏறவே ஏறாது. உன் 40 ஏசியும் நிற்பது அந்த இடத்தில்தான். லேபிளில் தலா 2 கிலோ என்று எழுதியிருந்தாய், ஆக 80 கிலோ. பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-22, 1,810 கிலோ கார்பன் டைஆக்சைடுக்குச் சமம். மொத்தம் ஏறக்குறைய 145 டன்.

கான்ட்ராக்டரின் ஆட்கள் செம்புக் குழாய்க்காக முதலில் பைப்பைத்தான் வெட்டுவார்கள். அதை நடக்க விடாதே. ஏசி ஓடும் நிலையில் இருந்தால் முதலில் பம்ப் டவுன்: லிக்விட் வால்வை மூடிக் கூலிங்கில் ஓட்டி, கேஜ் பூஜ்ஜியத்தை நெருங்கியதும் சக்‌ஷன் வால்வையும் மூட வேண்டும். பலர் இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கேஸ் அவுட்டோர் யூனிட்டுக்குள் மாறியிருக்கிறது, அவ்வளவே. காயலாங்கடைக்காரர் கம்ப்ரஸரை உடைத்தால் எல்லாம் வெளியே போய்விடும். ரெக்கவரி மெஷின் வைத்து, எடைத்தராசின் மேல் நிற்கும் சிலிண்டருக்குள் இழுக்க வேண்டும். மெஷினை நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திரு. கம்ப்ரஸர் ஆயிலில் கரைந்திருக்கும் கேஸ் கொதித்து வெளிவந்து பிரஷர் ஏறினால் மறுபடி ஓட்டு.

சிலிண்டரை 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது. வெயிலில் திரவம் விரியும். விரிய இடமில்லாவிட்டால் வெடிக்கும். 12 லிட்டர் சிலிண்டரில், உங்கள் ஊர் வெயிலுக்கு, 10 கிலோவோடு நிறுத்திக்கொள். ஆக எட்டு சிலிண்டர் வேண்டும். கம்ப்ரஸர் எரிந்துபோன ஏசியின் கேஸில் அமிலம் இருக்கும், அதற்குத் தனியாக ஒன்று. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் சிலிண்டரை மறுபடி நிரப்ப விடாதே. ஆர்-22 இருக்கும் சிலிண்டரில் ஆர்-410ஏ என்ற வேறு ஏசி கேஸ் கலந்துவிட்டால் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்துவது ஏறக்குறைய நடக்காத காரியம். அழிக்கத்தான் கொடுக்க வேண்டும், செலவும் கூடும்.

புதிதாக ஆர்-32 மெஷின் போடுவதாகச் சொன்னாய். சரிதான், அதுவும் ஒரு எச்எஃப்சி, ஆனால் ஆர்-22-க்கு 1,810 என்று சொன்ன அந்த எண் இதற்கு 675, ஆர்-410ஏ-க்கு 2,088. ஒன்று மட்டும், ஆர்-32 லேசாகத் தீப்பிடிக்கும் கேஸ், அதனால் கசிவைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே. கசிவுச் சோதனைக்கு நைட்ரஜன் மட்டுமே. ஆக்ஸிஜன் ஆயிலோடு சேர்ந்தால் வெடித்துவிடும். பிறகு பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றை இழுத்து, வேக்குவம் 500 மைக்ரான் வந்ததும் வால்வை மூடிப் பத்து நிமிடம் பார். முள் கொஞ்சம் ஏறி நின்றுவிட்டால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறினால் கசிவு, பெரும்பாலும் குழாயை இணைக்கும் பிளேர் நட்டில். அதைச் சரிசெய்யாமல் வருடா வருடம் டாப்-அப் அடிப்பவர் உன் பணத்தை மட்டும் வீணாக்கவில்லை. அவர் அடிக்கும் ஒவ்வொரு கிலோவும் நாட்டின் இறக்குமதி அளவிலிருந்து போகிறது, 2028-க்குப் பிறகு அந்த அளவு கூடவும் செய்யாது.

டெண்டரில் ஒரு வரி சேர்த்துவிடு: ஒவ்வொரு ஏசிக்கும் லேபிள் எடை, எடுத்த எடை, சிலிண்டர் எண், அந்த சிலிண்டர் எங்கே போகிறது என்ற ரசீது. இந்த நான்கும் இல்லாமல் பில்லில் கையெழுத்துப் போடாதே. எடுத்தது லேபிளைவிடக் குறைவாக இருக்கும், பழைய மெஷின் கசிந்திருக்கும். நாற்பதிலும் பாதிக்குக் கீழே வந்தால் மட்டும் பைப்பை எப்போது வெட்டினார்கள் என்று கேள்.

அன்புடன்,
அப்பா