விடுதலையான விதத்தையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலங்கைக் கிழக்கு மாகாண முன்னாள் முதல்வர் பிள்ளையான் என்ற சிவநேசதுரை சந்திரகாந்தன் பற்றிய செய்திகளில் 'கொலை வழக்கில் விடுதலையானவர்' என்று ஒரு வரி வருகிறது. அதைப் படிக்கும் சென்னை வாசகர், சாட்சிகளை விசாரித்து நிரபராதி என்று தீர்ப்பு வந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார். நடந்தது வேறு.

நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 கிறிஸ்துமஸ் நள்ளிரவுத் திருப்பலியில், மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியும் காயமடைந்தார். பிள்ளையான் கைதானது 2015 அக்டோபர் 11-இல், ஏறத்தாழ பத்து ஆண்டு கழித்து. இவ்வளவு தாமதமான வழக்கில் தடயமும் சாட்சியும் தேறுவது கடினம். வழக்கு வாக்குமூலத்தின் மேல் சாய்ந்துவிடும். இங்கும் அதுதான் நடந்தது. உதவி போலீஸ் சூப்பிரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. மிரட்டி வாங்கியது என்றால் அதை நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் மீது. இந்த வழக்கில் வாங்கிய வாக்குமூலங்கள் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னதும் வழக்கின் முதுகெலும்பு முறிந்தது. 2020 நவம்பரில் ஜாமீன். 2021 ஜனவரி 13-இல், வழக்கைத் தொடரப் போவதில்லை என்ற சட்டமா அதிபரின் (அட்டர்னி ஜெனரல்) முடிவை ஏற்று மட்டக்களப்பு உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. பரராஜசிங்கத்தைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு எந்த நீதிமன்றமும் இன்றுவரை விடை சொல்லவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய அநீதி இல்லை.

இடையில், 2020 ஆகஸ்ட் தேர்தலில், சிறையில் இருந்தபடியே 54,198 விருப்பு வாக்குகள் (கட்சி வாக்கோடு வேட்பாளருக்கெனத் தனியே விழுபவை) பெற்று அவர் நாடாளுமன்றம் போனார். அதையும் மறைக்க வேண்டாம். மட்டக்களப்புத் தமிழர்களில் ஒரு பகுதியினர் அவரைத் தங்கள் மண்ணின் தலைவராகவே பார்த்தார்கள்.

அவர் முதல்வரான கதையிலும் ஒரு விளக்கம் தேவை. 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணாவோடு அந்த இயக்கத்தைவிட்டுப் பிரிந்து, பின்னர் கருணாவோடும் முரண்பட்டு, தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் கட்சியைத் தன் கையில் எடுத்தவர் அவர். வடக்கு, கிழக்கு மாகாணங்களை ஒன்றாக்கிய இணைப்பு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006 அக்டோபரில் தீர்ப்பளித்த பிறகு, கிழக்குக்கு மட்டும் 2008 மே 10-இல் தேர்தல் நடந்தது. மொத்தம் 37 இடங்கள்: அம்பாறை 14, மட்டக்களப்பு 11, திருகோணமலை 10, முதலிடம் பெறும் கட்சிக்குப் போனஸ் 2. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு போட்டியிடவில்லை. மகிந்த ராஜபக்சவின் கூட்டணி போனஸையும் சேர்த்து 20 இடம் பிடித்தது. பிள்ளையான் கட்சி அந்தக் கூட்டணியின் வெற்றிலைச் சின்னத்தில்தான் நின்றது. ஆயுதங்களை ஒப்படைத்ததோ 2009 மார்ச்சில். ஒரு கட்சியின் கையில் துப்பாக்கி இருக்கும்போது நடந்த தேர்தலை நியாயமான தேர்தல் என்று நாங்கள் ஏற்கவில்லை. அதே கூட்டணியின் முஸ்லிம் தலைவர் ஹிஸ்புல்லாவும் முதல்வர் பதவி கேட்டார். மே 16-இல் பதவி பிள்ளையானுக்குப் போனது.

முதல்வர் என்றதும் கோட்டையில் அமர்ந்து போலீசை நடத்துபவரை நினைத்துக்கொள்ளக் கூடாது. மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் போலீஸ், காணி (நிலம்) அதிகாரங்களை ஏட்டில் தந்தாலும் நடைமுறையில் அவை கொழும்பைவிட்டு நகரவில்லை. நிறைவேற்று அதிகாரம் ஆளுநரிடம். அவரை நியமிப்பதும் நீக்குவதும் ஜனாதிபதி. பணம் சம்பந்தப்பட்ட எந்தச் சட்டமூலத்துக்கும் ஆளுநரின் பரிந்துரை வேண்டும். பிள்ளையான் காலத்து ஆளுநர் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி மொஹான் விஜேவிக்ரம. ஆகவே 2012 வரையிலான அந்த ஆட்சியின் குறைகளைக் கணக்கெடுக்கும்போது, பிள்ளையானின் பொறுப்பு எது, கொழும்பின் பொறுப்பு எது என்று பிரித்து எழுதுவதே நேர்மை.

2025 ஏப்ரல் 8-இல் பிள்ளையான் மீண்டும் கைதானது கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் காணாமல்போன விவகாரத்தில். முதலில் கலைப்பீடத் தலைவரைக் கடத்தியவர்கள், துணைவேந்தர் பதவி விலக வேண்டும் என்று கேட்டார்கள். பிறகு 2006 டிசம்பர் 15-இல், கொழும்பில் பலத்த பாதுகாப்புள்ள பகுதியில் மாநாட்டுக்குப் போன துணைவேந்தரே காணாமல்போனார். இதில் தடுப்புக்காவல் உத்தரவு என்பது குற்றப்பத்திரிகை ஆகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் ஒரு தடவைக்கு மூன்று மாதம், அதன் 2022 திருத்தத்தின்படி மொத்தம் 12 மாதம் வரை, நீதிமன்றத்தில் குற்றம் சாட்டாமலே ஒருவரை அடைத்து வைக்கலாம். அந்தச் சட்டத்தால் பல்லாண்டு சிறையில் வாடிய தமிழ் இளைஞர்களுக்காகக் குரல் கொடுத்த நாம், பிடிக்காதவர் மீது அது பாயும்போது மட்டும் கைதட்டக் கூடாது. இந்த வழக்கும் வெறும் வாக்குமூலத்தை நம்பிப் போனால், 2021-இல் ஆனதுதான் மறுபடி ஆகும்.

2023-இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பில், அவரது கட்சியின் முன்னாள் பேச்சாளர் ஆசாத் மௌலானா 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு பற்றிச் சொன்னவை குற்றச்சாட்டுகள். பிள்ளையான் அவற்றை மறுத்திருக்கிறார். மறுப்பையும் சேர்த்தே போடுங்கள்.

இனி இந்த வழக்குச் செய்தி வெளியிடும்போது மூன்று விவரம் கட்டாயம் இருக்கட்டும்: எந்தச் சட்டப் பிரிவில் காவல், குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டதா, எந்த நீதிமன்றத்தில் அடுத்த தவணை எப்போது.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
வளசரவாக்கம், சென்னை-87