மருந்தாய்வு முடிந்த பிறகும் பேருந்துக் கட்டணம் உண்டு: நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருந்தாய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் காக்க வேண்டிய நெறிமுறைக் குழுத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், ஆய்வை நடத்திய மருத்துவர்களுக்கும் வணக்கம்.

சென்ற வாரம் அறியாத எண்ணிலிருந்து அழைத்த ஒருவர், உங்கள் மருந்தாய்வில் பங்கேற்ற என் தாயாரின் ஆய்வு எண்ணைச் சொல்லி, "அவங்க உயிரோட இருக்காங்களா சார்?" என்று கேட்டார். இருக்கிறார் என்றேன். "தொடர்பு விட்டுப்போனவங்க லிஸ்ட்ல இருந்தாங்க, மாத்திக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அம்மா அப்போது இரண்டடி தள்ளி அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை போலும்.

மாத்திரை கொடுத்த இரண்டு ஆண்டுகளும் ஒருங்கிணைப்பாளர் முந்தைய நாளே அழைத்து நினைவூட்டுவார். வந்திறங்கியதும் இரத்தம் எடுப்பார்கள். பயணப்படி உறையில் வரும். ஆய்வு முடிந்து, மாத்திரை நின்ற பிறகும் உடல்நிலையைச் சோதிக்கும் ஐந்தாண்டுப் பின்தொடர்வு தொடங்கியதும் அந்த ஒருங்கிணைப்பாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அட்டையில் இருந்த எண் அணைந்தது. பயணப்படி கேட்டால் "திட்டம் முடிந்தது, இனி அதற்கு நிதி ஒதுக்கீடு இல்லை" என்றார்கள்.

கடைசியாக வந்த நாளை மட்டும் சொல்கிறேன். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும் என்பதால், சர்க்கரை நோயாளியான அம்மா முந்தைய இரவு எட்டு மணிக்கு உண்டதோடு சரி. திண்டிவனத்தில் அதிகாலை நான்கேகாலுக்குப் பேருந்து ஏறி, ஏழரைக்குச் சென்னை வந்து, புறநோயாளிகள் வரிசையில் நின்றோம். பத்து மணிக்கு அவர் கை நடுங்கத் தொடங்கியது. முந்தானையில் முடிந்து வைத்திருந்த கடலை மிட்டாயை அவிழ்த்து, "இதைக் கடிச்சுக்கட்டுமா?" என்று கேட்டார். செவிலியரிடம் கேட்டேன், இரத்தம் எடுக்கும் வரை எதுவும் கூடாதென்றார். பத்தே முக்காலுக்கு ஊசி குத்தியபோது அம்மா நாற்காலியிலேயே சரிந்தார். அடுத்த இரண்டு வருகைகளுக்கு நாங்கள் வரவில்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தும் அம்மா விலகவில்லை. மருத்துவமனைக்கு நான் மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டேன், எடுக்கத்தான் ஆள் இல்லை.

எனவே கேட்கிறேன்: பின்தொடர்வு வருகைக்கும் பயணப்படியும், இழக்கும் நாள்கூலியும் கொடுங்கள், இல்லையேல் இரத்தம் எடுக்க வீட்டுக்கு ஆள் அனுப்புங்கள்.

இது நடக்காத காரியம் என்று சொல்லிவிட வேண்டாம். 1956-இல் இதே சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வில் 193 நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு வீட்டிலும், மற்றவர்களுக்கு நோயாளிகளைத் தங்கவைத்துக் கவனிக்கும் சானடோரியத்திலும் சிகிச்சை அளித்து, பிறகு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போனார்கள். வீட்டிலிருந்தபடியே காசநோயைக் குணப்படுத்தலாம் என்று உலகம் ஏற்றுக்கொண்டதில் அந்தத் தேடலுக்கும் பங்குண்டு. கைபேசி இல்லாத காலம் அது.

வரமுடியாமல் நின்றுவிடுபவர்கள் பெரும்பாலும் தொலைவில் இருப்பவர்கள், முதியவர்கள், உடல் மோசமானவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதும் அறிக்கையில் பக்கவிளைவு குறைவு என்று வந்தால், ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு வந்துபோகக்கூடியவர்களுக்குக் குறைவு என்றுதான் நான் படித்துக்கொள்வேன். புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் பற்றிய 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி உங்கள் குழுவில் மருத்துவம் சாராத சாமானியர் ஒருவரும் இருந்தாக வேண்டும். அவரையாவது ஒரு நாள் பட்டினியோடு திண்டிவனத்தில் பேருந்து ஏற்றி அனுப்பிப் பாருங்கள்; மிட்டாயை நானே தருகிறேன்.

மன்னிக்கவும், கேலி செய்ய எழுதவில்லை. அம்மா இரண்டு ஆண்டுகள் விழுங்கியது மருந்தா, ஒப்பிட்டுப் பார்க்கத் தரும் மருந்தில்லாத வெற்று மாத்திரையா என்பதைக்கூட இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அதையும் ஒரு வரி எழுதி அனுப்பினால் நன்றியுடையவனாவேன். ஆனால் முதலில் வேண்டுவது பயணப்படியும் நாள்கூலியும், அல்லது வீட்டுக்கு வரும் ஓர் ஆள்.

அடுத்த வருகை தை மாதம் என்று அட்டையில் இருக்கிறது. தாங்கள் யாரையாவது அனுப்பினால், எத்தனை மணியானாலும் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் நான் காத்திருந்து அழைத்துச் செல்கிறேன்.

இப்படிக்கு,
பங்கேற்பாளர் ஒருவரின் மகன்