செயலாளர் ஆண்டறிக்கை: கப்பல் நின்றால் கடைச் சரக்கு

தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாகித் தனித்தாளில் தரப்பட்டுள்ளது. சந்தாவில் மாற்றமில்லை. இவ்வாண்டுக் கூட்டங்களில் அதிக நேரம் பேசப்பட்டது ஒன்றுதான்: துறைமுக வேலைநிறுத்தம் வந்தால் அந்தமான் நிக்கோபாரில் மளிகையும் காய்கறியும் என்னவாகும், அந்த நேரத்தில் விலைக்கு உச்சவரம்பு கட்டினால் என்ன நடக்கும்?

சென்னையிலிருந்து நம் போர்ட் பிளேருக்கு (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். கப்பலுக்குச் சுமார் மூன்று நாள் ஓட்டம். இங்குள்ள ஹாடோ துறைமுகத்தில் வேலை நடந்துகொண்டே இருக்கலாம். சென்னையிலோ கொல்கத்தாவிலோ சுமை ஏறவில்லை என்றால் இங்கே கடை காலி. துறைமுகத்தில் அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழியாமல் நிறுத்தத்தைத் தொடங்கச் சட்டம் இடம் தருவதில்லை. மண்டிக் கொள்முதல், லாரி, ஏற்றுவதற்கான காத்திருப்பு, ஓட்டம், இறக்குவது எல்லாம் போக அந்த 14 நாளில் ஒரு கப்பல் நடை கிடைத்தாலே பெரிது. எனவே அறிவிப்பு வந்த அன்றே பட்டியல் போட வேண்டும். அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, குழந்தைகளுக்கான பால்பவுடர் முதலில். தக்காளிக்கு அந்த நடையில் இடம் கொடுக்கக் கூடாது.

வெங்காயத்தை மூடிய கன்டெய்னரில் ஏற்றவே வேண்டாம். கப்பல் ஏறாமல் அது துறைமுக யார்டில் நின்றால் பகலில் உள்ளே வெக்கை, இரவில் கூரையில் வேர்த்துச் சொட்டும் தண்ணீர். சில நாளில் அழுகிக் கரும்பூஞ்சை பிடிக்கும். வலைச்சாக்கில், காற்றோட்டமுள்ள இடத்தில் வரவேண்டும். கிடங்கிலும் உருளைக்கிழங்கோடு சேர்த்து அடுக்கக் கூடாது. அரிசி மூட்டை தரையையும் சுவரையும் தொடாமல் கட்டைமேல் இருக்கட்டும். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் வண்டு விழும்.

இனி விலை. ஒரு கணக்கு: 50 கிலோ வெங்காய மூட்டை, கொள்முதல், கப்பல் கட்டணம், ஏற்றுகூலி, இறக்குகூலி எல்லாம் சேர்ந்து 2,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கிலோ 40. தாமதத்தில் 6 கிலோ அழுகினால் மீதி 44 கிலோவின் அடக்கம் 45 ரூபாய் 45 காசு. உச்சவரம்பை 42 என்று வைத்தால் மூட்டைக்கு 152 ரூபாய் நஷ்டம். அடுத்த நடைக்கு யாரும் ஆர்டர் போடமாட்டார்கள். வரம்பு பலகையில் இருக்கும், வெங்காயம் இருக்காது. பதுக்குகிறவர் மீது 1955ஆம் ஆண்டு அத்தியாவசியப் பண்டங்கள் சட்டம் பாய வேண்டும் என்பதில் சங்கத்துக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் வராத சரக்கை எந்தச் சட்டமும் வெளியே கொண்டுவராது.

இதற்கு ஹவாய் தீவுகளின் 1971 அனுபவம் நல்ல பாடம். ஹவாய்க்குச் சரக்கு அனுப்பும் அமெரிக்க மேற்குக் கரைத் துறைமுகங்களில் ஜூலை 1 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. ஆகஸ்ட் 15 அன்று அதிபர் நிக்சன் 90 நாளுக்கு விலைகளை உறைய வைத்தார். ஆகஸ்ட் 14 வரையிலான 30 நாளில் நடந்த விற்பனைதான் விலைக்கு அடிப்படை. அந்த 30 நாளும் வேலைநிறுத்தக் காலத்துக்குள்ளேயே விழுந்ததைக் கவனியுங்கள். அதற்குள் விலை ஏறிய பொருள் ஏறிய இடத்திலேயே நிற்கும். பிறகு சுற்றுவழியில் கூடுதல் செலவில் வந்த பொருளுக்கோ அந்தச் செலவைச் சேர்ப்பது எளிதல்ல. பதப்படுத்தாத விளைபொருள்களுக்கு விலக்கு இருந்தது.

ஆகவே அந்தமான் நிக்கோபார் நிர்வாகத்துக்கு அனுப்பவிருக்கும் மனுவில் நான்கு கேட்கிறோம். வரம்பைச் சென்னை மண்டி விலையில் கட்டாமல், அழுகிய கழிவும் சேர்த்த இறங்குவிலையில், அதாவது இங்கே வந்து இறங்கும்வரை ஆன மொத்தச் செலவில், கட்ட வேண்டும். கப்பலுக்குக் கப்பல் அதைத் திருத்த வேண்டும். தெற்கேயுள்ள கார் நிக்கோபாருக்கும் காம்ப்பெல் பேவுக்கும் தனி விலை வேண்டும், ஏனெனில் அவர்களுக்கு இங்கே ஒருமுறை இறக்கி மறுபடி ஏற்றும் செலவு உண்டு. அதைவிட முக்கியமாக, நிறுத்தம் முடிந்ததும் வரும் முதல் கப்பலில் அவர்கள் பங்கைப் பிரித்து நேரே தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலுக்கு மாற்ற வேண்டும். நிறுத்தம் முடிந்த அன்றே சரக்கு வந்துவிடாது; தேங்கிய கப்பல்கள் வரிசையில் நிற்கும், தெற்கே கடைசியில்தான் போய்ச் சேரும்.

மனுவின் நகல் மேசையில் உள்ளது. கையொப்பமிடாத உறுப்பினர்கள் கூட்டம் கலையும் முன் இட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்