உயிரைக் கொடுக்கும் நாயகன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாயாஜாலக் கதைகளில் பிறருக்காக உயிரையே கொடுக்கும் நாயகர்களைப் பற்றி உங்கள் வார இணைப்பில் வந்த கட்டுரையையும், அதற்கு ஒரு வாசகர் எழுதிய பதிலையும் படித்தேன். அப்படிப்பட்ட நாயகன் அலுப்பூட்டுகிறான், கொஞ்சம் சுயநலத்தைச் சேர்த்தால்தான் ரத்தமும் சதையுமாகத் தெரிவான் என்கிறார் கட்டுரையாளர். பிள்ளைகளுக்கு அவனைவிட நல்ல முன்மாதிரி கிடையாது என்கிறார் வாசகர். இருவரும் நாயகனை மட்டும்தான் பார்க்கிறார்கள். அவன் யாரைக் காப்பாற்ற உயிரைக் கொடுக்கிறானோ, அந்த ஆளைப் பற்றி இரண்டிலும் ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்க வந்தவர்களைப் பக்கத்தில் இருந்து பார்த்ததுதான் என் வேலை. மாயாஜாலக் கதைகள் சின்ன வயதிலிருந்தே எனக்குப் பிடிக்கும். இந்த இரண்டும் சேர்ந்து, தியாக நாயகனிடம் எனக்கு அளவற்ற மரியாதையும் ஒரு பெரிய மனக்குறையும் உண்டாகியிருக்கின்றன.

முதலில் மரியாதையைச் சொல்கிறேன். அவனுக்குப் பயம் இல்லை என்பதை அவனுடைய பலமாக நான் நினைக்கவில்லை. பயம் இல்லாதவன் கொடுப்பதில் என்ன இருக்கிறது? என்ன போகப் போகிறது என்று முழுசாகத் தெரிந்துகொண்டு கொடுக்கிறானே, அதுதான் பலம். இன்னொன்றும் உண்டு. மாயாஜாலக் கதையில் வரும் கொடியவன் எல்லோரையும் ஒரே கணக்கில் எடைபோடுகிறான். எல்லோருக்கும் ஏதோ ஒரு ஆசை இருக்கும், அதைக் காட்டி வாங்கிவிடலாம், இல்லாவிட்டால் மிரட்டிவிடலாம் என்பதே அவன் கணக்கு. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் கொடியவன் சௌரான் தோற்பதற்கு இதுவே காரணம். அத்தனை வல்லமை தரும் மோதிரம் கையில் கிடைத்தும் அதை அழிக்கத்தான் ஒருவர் புறப்படுவார் என்று அவனால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை. தனக்கென்று எதுவும் கேட்காத ஒருவன் வந்துவிட்டால் கொடியவனின் கணக்கு முழுக்கத் தப்பாகிவிடுகிறது. கட்டுரையாளர் சொல்கிறபடி சுயநலத்தைக் கலந்தால் இந்தப் பலம்தான் முதலில் போகும்.

இப்போது மனக்குறைக்கு வருகிறேன். இதற்கு ஹர்ஷர் எழுதிய ‘நாகானந்தம்’ நாடகத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஏழாம் நூற்றாண்டு வடமொழி நாடகம் அது. நாயகன் ஜீமூதவாகனன், வித்யாதரர்களின் இளவரசன். கேட்டதெல்லாம் தரும் கற்பக மரத்தையே தானம் கொடுத்துவிட்டவன். அவனுடைய நாட்டை எதிரி பிடித்துக்கொண்டான் என்று செய்தி வந்தால்கூட அவனுக்குக் கோபம் வராது. கல்யாணமான சில நாட்களிலேயே மலையோரம் எலும்புக் குவியல் ஒன்றைப் பார்க்கிறான். கருடனுக்கு நாளுக்கு ஒரு நாகம் இரையாக வேண்டும் என்ற ஏற்பாட்டில் செத்தவர்களின் எலும்புகள் அவை. அன்றைய முறை சங்கசூடன் என்ற நாக இளைஞனுக்கு. அவனுடைய அம்மா அழுதுகொண்டிருக்கிறாள்.

உன் மகனுக்குப் பதில் நான் போகிறேன் என்கிறான் ஜீமூதவாகனன். தாய் மறுக்கிறாள், நீயும் எனக்கு ஒரு மகன் மாதிரிதானே என்கிறாள். சங்கசூடனும் மறுக்கிறான். தன் குலத்துக்குத் தன்னால் கறை வரக்கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டு, சாவதற்கு முன் கோகர்ணத்துச் சிவனைக் கும்பிடப் போகிறான். அவன் அந்தப் பக்கம் போனதும் நம் நாயகன் என்ன செய்கிறான் தெரியுமா? பலியாகப் போகிறவன் சிவப்பு உடை அணிய வேண்டும் என்பது அங்கே அடையாளம். மாமியார் வீட்டிலிருந்து கல்யாணச் சீராகச் சிவப்புத் துணி அந்த நேரம் பார்த்து வந்து சேர்கிறது. அதையே போர்த்திக்கொண்டு பலிப்பாறையில் ஏறிவிடுகிறான். கருடன் வந்து தூக்கிக்கொண்டு போகிறது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கூடவே கோபமும் வரும். அந்த இளைஞன் வேண்டாம் என்றான் ஐயா. அவன் அம்மாவும் வேண்டாம் என்றாள். இருவர் சொன்னதையும் ஒதுக்கிவிட்டு, ஒருவன் முதுகைத் திருப்பிய நேரத்தில் அவனுடைய சாவை எடுத்துக்கொள்வது என்ன நியாயம்? புதுப்பெண் மலயவதியிடம் ஒரு வார்த்தை சொன்னானா? பெற்றோரிடம் சொன்னானா? அவர்களைக் கூடவே இருந்து கவனிப்பதுதான் தன் கடமை என்று காட்டுக்கு வந்த பிள்ளை அவன்! அவனுடைய முடிமணி ரத்தத்தோடு அப்பாவின் காலடியில் வந்து விழுந்த பிறகுதான் அவர்களுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று புரிகிறது.

எங்கள் பிரிவில் இப்படி நடக்க விட மாட்டோம். சிறுநீரகம் கொடுக்க வருகிறவரைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவோம். கணவர், மாமியார், அண்ணன் யாரும் அறையில் இருக்கக்கூடாது. இது உங்கள் விருப்பம்தானா, யாராவது நெருக்குகிறார்களா என்று கேட்போம். அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கும் வரைக்கும் மனசு மாறலாம், யாரும் உங்களை எதுவும் சொல்ல முடியாது என்போம். மனசு மாறியவர்களைக் காட்டிக் கொடுக்காமல், மருத்துவ ரீதியாகப் பொருந்தவில்லை என்று மட்டும் வீட்டாரிடம் சொல்வது உலகில் பல மருத்துவமனைகளில் உள்ள வழக்கம். அப்புறம், வாங்கிக்கொள்ளப் போகிறவரிடமும் கேட்க வேண்டும். மகளின் சிறுநீரகம் எனக்கு வேண்டாம், டயாலிசிஸிலேயே இருந்துவிடுகிறேன் என்று அடம்பிடித்த அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். அந்த மறுப்பும் அன்புதான். அதைக் கேட்டு, பேசி, ஒரு முடிவுக்கு வர நாள் பிடிக்கும். அந்த நாட்களை வீண் என்று நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

முதன்முதலாக வெற்றி கண்ட சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் நடந்தது. ஜோசப் முர்ரே அறுவை சிகிச்சை செய்தார். ஒரே அச்சான இரட்டையர்களில் ரொனால்ட் ஹெரிக் கொடுத்தார், ரிச்சர்ட் ஹெரிக் வாங்கிக்கொண்டார். இருவருக்கும் வயது 23. முந்தின இரவு ரிச்சர்ட் தன் சகோதரனுக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினார், இங்கிருந்து கிளம்பி வீட்டுக்குப் போய்விடு என்று. இங்கேதான் இருக்கிறேன், இருக்கத்தான் போகிறேன் என்று ரொனால்ட் பதில் அனுப்பினார். ரிச்சர்ட் இன்னும் எட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். ரொனால்ட் 2010 வரை இருந்தார். அந்தச் சீட்டுக்கும் பதில் சீட்டுக்கும் நடுவில் எவ்வளவு மரியாதை இருக்கிறது பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கு இடம் இருந்தது. அதைக் கேட்ட பிறகும் இன்னொருவர் போகாமல் நின்றார். ஜீமூதவாகனனிடம் நான் எதிர்பார்த்தது இவ்வளவுதான்.

புறநானூற்றுக் குமணன் மாயாஜால நாயகன் இல்லை, இருந்தாலும் சொல்லியாக வேண்டும். நாட்டைத் தம்பியிடம் இழந்து காட்டில் இருப்பவனிடம் பெருந்தலைச் சாத்தனார் போய்ப் பாடுகிறார். கொடுக்கத் தன்னைவிடச் சிறந்தது எதுவும் இல்லாததால், தன் தலையை வெட்டி எடுத்துக்கொள்ளும்படி வாளைக் கொடுக்கிறான் குமணன். அந்த 165ஆம் பாட்டில் எனக்குப் பெரிய ஆள் புலவர்தான். தலையை எடுக்கவில்லை. வாளை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே தம்பியிடம் போய் நின்று, உன் அண்ணன் இப்படிப்பட்டவன் என்கிறார். கொடுத்த தியாகத்தை அப்படியே வாங்கிக்கொள்ளாமல் தானும் ஒன்று செய்கிறார். இப்படி ஒரு புலவருக்குக் கதையில் இடம் வைப்பவர்கள் குறைவு.

டோல்கீன் கதையில் அந்த மோதிரத்தை அழிக்கப் புறப்படும் ஃபிரோடோவைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. மற்றவர்களை ஆபத்தில் இழுக்க வேண்டாம் என்று அவனும் தனியாகத்தான் படகில் கிளம்பப் பார்க்கிறான். அவனுடைய தோழன், நீந்தத் தெரியாத சாம் தண்ணீரில் குதித்து, முங்கிப்போய், விடாப்பிடியாகக் கூட வந்து சேர்கிறான். ஃபிரோடோ அதை ஏற்றுக்கொள்கிறான். ஏற்றுக்கொண்டதால்தான் வேலை நடந்தது. கடைசி மலையில் நடக்கத் தெம்பு இல்லாமல் விழுந்தவனைச் சாம் முதுகில் சுமந்து ஏறுகிறான். தனியாகப் போயிருந்தால் தியாகம் இருந்திருக்கும், மோதிரம் அழிந்திருக்காது.

அந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் அதற்கடுத்து வருகிறது. எரிமலையின் விளிம்பில் நிற்கும்போது ஃபிரோடோவால் மோதிரத்தை நெருப்பில் எறிய முடியவில்லை. இது என்னுடையது என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். முன்பு அவனும் மற்றவர்களும் இரக்கப்பட்டு உயிரோடு விட்ட, மோதிரத்தின் மேல் வெறிகொண்ட கோல்லம் வந்து விரலோடு கடித்துப் பிடுங்கி, மோதிரத்துடன் நெருப்பில் விழுகிறது. நாயகன் தோற்றுப்போனான் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு உடம்பும் மனசும் எவ்வளவு தாங்குமோ அவ்வளவையும் கொடுத்துத் தீர்ந்துபோன ஆள் அவன். கொடுக்கிறவனுக்கும் ஒரு எல்லை உண்டு என்று ஒப்புக்கொள்ளும் துணிச்சல் எல்லாக் கதாசிரியர்களுக்கும் வருவதில்லை. முதல் உலகப் போரில் 1916இல் சோம் போர்க்களத்தில் இருந்தவர் டோல்கீன். நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரையும் 1918க்குள் பறிகொடுத்தவர். வீடு திரும்பிய ஃபிரோடோவுக்குப் பழைய காயம் ஆண்டுதோறும் அதே நாளில் வலிக்கிறது. தான் காப்பாற்றிய ஊரில் அவனால் இருக்க முடியவில்லை, கடைசியில் கப்பலேறிப் போகிறான்.

கொடுத்தவர்களுக்குப் பின்னால் நடப்பதை நானும் பார்த்திருக்கிறேன். மீதமுள்ள ஒரு சிறுநீரகம் மெல்லப் பெரிதாகி வேலையை ஏற்றுக்கொள்ளும், பெரும்பாலோர் நன்றாகவே இருப்பார்கள். ஆனால் ரத்த அழுத்தம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவு, சிறுநீரில் புரதம் என்று ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அறுவை முடிந்த வாரத்தில் உறவினர்கள் எல்லோரும் நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள், கொடுத்தவர் பக்கத்து அறையில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அவரிடம் போய் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பது என் வேலை. மாயாஜாலக் கதைகளில் இந்த அறைக்கு யாரும் போவதில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு தெய்வமோ மந்திரமோ வந்து நாயகனைப் பழையபடி எழுப்பிவிடுகிறது. நாகானந்தத்திலும் கௌரி வந்து எழுப்புகிறாள். மேடையில் பார்க்க நிறைவாகத்தான் இருக்கும். ஆனால் விலையே இல்லாமல் போய்விட்டால் கொடுத்ததற்கு என்ன அர்த்தம்?

ஆகவே கட்டுரையாளரிடம் கேட்டுக்கொள்கிறேன். நாயகனின் நல்ல குணத்தில் கை வைக்க வேண்டாம். அவன் காப்பாற்றப் போகிறவர்களுக்கு வாய் கொடுங்கள். வேண்டாம் என்று சொல்லட்டும், சண்டை போடட்டும், சாமைப் போலத் தண்ணீரில் குதிக்கட்டும். அவனைப் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்டிய வாசகரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தன்னைக் கொடுப்பதுதான் நல்ல பிள்ளைக்கு அழகு என்று மட்டும் கேட்டு வளரும் பிள்ளை, தனக்கு விருப்பம் இல்லாதபோதும் சரி என்றுதான் சொல்லும். அப்படிச் சொல்ல வந்தவர்களை அந்தத் தனி அறையில் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்றும் சொல்லலாம் என்று கேட்டதும் அழுதவர்கள் உண்டு.

நாகானந்தத்தில் சங்கசூடன் கடைசிவரை சும்மா இருக்கவில்லை. திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும், ரத்தத் தடத்தைப் பின்பற்றி ஓடி, நான்தான் நாகம், என் படத்தைப் பார், என் இரட்டை நாக்கைப் பார் என்று கருடனிடம் நெஞ்சைக் காட்டி நிற்கிறான். தவறான ஆளைத் தின்றுவிட்டோம் என்று கருடனுக்கு உறைப்பது அதன் பிறகுதான். அமுத மழை பொழிந்து, செத்த நாகங்கள் எழுந்து, எல்லாம் சுபமாக முடிகிறது. மறுநாள் சங்கசூடன் ஜீமூதவாகனனிடம் என்ன பேசினான் என்பது நாடகத்தில் இல்லை. உங்கள் வார இணைப்பில் எழுதும் கதாசிரியர் யாராவது அதை ஒரு தொடராக எழுத வேண்டும் என்று விரும்புகிறேன். மலயவதிக்கும் அதில் ஓர் அத்தியாயம் வேண்டும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நீண்டநாள் வாசகி